எட்டு டம்ளர் காபியும் ஒரு பி-வேல்யூவும்

(மருத்துவக் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, இப்போது திருச்சி உறையூரில் இருக்கும் பேராசிரியை நடத்தும் கேள்வி-பதில் பகுதி. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஆய்வுகளைப் பற்றியவை.)

'காபி இதயத்துக்கு நல்லது' என்று ஒரு வாரம் செய்தி வருகிறது. அடுத்த வாரமே 'காபி ஆபத்து' என்கிறார்கள். எதை நம்புவது? இவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா?
— இல்லத்தரசி, திருப்பூர்

இதுதான் அவர்கள் வேலை, சம்பளமும் இதற்குத்தான். ஆய்வு செய்தியாகும்போது அதிலிருந்து ஒரு வரி காணாமல் போகிறது. 'காபி குடிக்கிறவர்களையும் குடிக்காதவர்களையும் சில வருஷம் கவனித்துப் பார்த்தோம்' என்பது அந்த வரி. கவனித்துப் பார்ப்பது வேறு, கொடுத்துப் பார்ப்பது வேறு. நாளைக்கு ஆறு காபி குடிக்கிறவர் கூடவே சிகரெட்டும் பிடிப்பார், ராத்திரி கண் விழிப்பார், டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவார். அவருக்கு நெஞ்சுவலி வந்தால் பழியைக் காபி மேல் மட்டும் எப்படிப் போடுவது?

வகுப்பில் இதற்கு நான் வழக்கமாகச் சொல்வது ஃபின்லாந்து கதை. கேரட், கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கவனித்துப் பார்த்த ஆய்வுகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டீன். அதையே மாத்திரையாக்கிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று 1985இல் ஒரு சோதனையை ஆரம்பித்தார்கள். 50 முதல் 69 வயது வரை உள்ள 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகைப்பவர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்து, சிலருக்கு பீட்டா கரோட்டீன், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஐந்திலிருந்து எட்டு வருஷம் சாப்பிட்டார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். ஆமாம், அதிகம். அமெரிக்காவில் இதே போல நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கேரட் மேல் தப்பில்லை. மெனக்கெட்டுக் கேரட் சாப்பிடுகிறவர் வேறு பத்து விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கிறவர், அவ்வளவுதான். ஆகவே செய்தியைப் படிக்கும்போது குலுக்கிப் பிரித்தார்களா, சும்மா கவனித்தார்களா என்று மட்டும் பாருங்கள். காபி விஷயத்தில் இருபது வருஷத்துக்கு ஒரு கூட்டத்தைக் காபி குடிக்காமல் வைத்திருக்க யாராலும் முடியாது. எங்கள் வீட்டில் அரை நாள்கூட முடியாது. எனவே அந்தச் செய்திகள் மாறி மாறி வந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் டம்ளரைக் கீழே வைக்க வேண்டாம்.

பி-வேல்யூ என்றால் என்ன? எங்கள் சார் மூன்று தடவை சொல்லியும் புரியவில்லை. சமையலறை மொழியில் சொல்ல முடியுமா அம்மா?
— எம்.எஸ்சி. மாணவர், கும்பகோணம்

சமையலறையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சிக்கரி கலந்த காபியை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்பது என் கணவரின் நாற்பது வருஷப் பெருமை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதித்தேன். எட்டு சின்ன டம்ளர். நான்கில் சிக்கரி போட்டது, நான்கில் போடாதது. ஒரே பால், ஒரே சர்க்கரை, ஒரே சூடு. டம்ளர் அடியில் எண் எழுதிய துண்டுச் சீட்டு. எந்த வரிசையில் கொடுப்பது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தேன். டம்ளரை நான் கொண்டுபோகவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுபோனாள். எதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. நான் போனால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எட்டில் ஆறு சரி. 'எழுபத்தைந்து மார்க்' என்று குதித்தார். நான் கணக்குப் போட்டேன். எட்டு டம்ளரில் நான்கைச் 'சிக்கரி' என்று தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. அதில் எட்டும் சரியாக வருவது ஒரே வழி. ஒன்று தப்பினால் இன்னொன்றும் தப்பும், அதனால் ஏழு வராது. ஆறு சரியாக வருவது 16 வழி. ஆகமொத்தம் ஆறு அல்லது அதற்கு மேல் வாங்க 70இல் 17 வழி, கிட்டத்தட்ட 24 சதவீதம். அதாவது சளி பிடித்து மூக்கடைத்துப்போன ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் நான்கு தடவைக்கு ஒரு தடவை இந்த மார்க்கை வாங்கிவிடுவார். அந்த 24 சதவீதம்தான் பி-வேல்யூ. திறமை துளியும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த முடிவோ இதைவிட நல்ல முடிவோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பது. 'அவருக்குத் திறமை இல்லாமலிருக்க 24 சதவீதம் வாய்ப்பு' என்று அதைப் படிக்கக் கூடாது. பல பேராசிரியர்களே அப்படித்தான் படிக்கிறார்கள். உங்கள் சாரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இதன் மூலக்கதை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்தது. அங்கே மியூரியல் பிரிஸ்டல் என்று பாசிகளை ஆராய்ந்த ஓர் அம்மையார், கோப்பையில் பால் முதலில் விட்டார்களா, தேநீர் முதலில் விட்டார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். கூட வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதிய புத்தகத்தில் அதே எட்டுக் கோப்பைக் கணக்கை வைத்துத்தான் சோதனை வடிவமைப்பை விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மையார் எத்தனை சரியாகச் சொன்னார் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. என் கணவருக்கு அதில் ஒரு ஆறுதல்.

அவர் அடுத்துக் கேட்டது: 'இன்னொரு தடவை வை.' வம்பே அங்கேதான். எழுபது தடவை வைத்தால் மூக்கடைத்தவரும் சராசரியாக ஒரு தடவை எட்டுக்கு எட்டு வாங்குவார். மற்ற அறுபத்தொன்பதையும் சொல்லாமல் அதை மட்டும் கட்டுரையாக எழுதிவிடலாம்.

பி-வேல்யூ 0.05க்குக் (5 சதவீதத்துக்குக்) கீழே இருந்தால்தான் முடிவைக் கணக்கில் எடுப்பது வழக்கம். நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது இதைத்தான். 'மேடம், 0.07 வருது, எப்படியாவது 0.05க்குக் கீழே கொண்டுவந்து குடுங்க' என்று கத்தரிக்காய் பேரம் மாதிரி. ஒருமுறை ஒரு முதுகலை மாணவர் மூட்டுவலிக் களிம்பு ஆய்வோடு வந்தார். 60 நோயாளிகள். அதில் இரண்டு பேரை எடுத்துவிட வேண்டும் என்றார். ஏனப்பா என்றேன். 'அவங்க ஒழுங்காத் தடவலை மேடம்.' சரி, வலி குறைந்தவர்களில் ஒழுங்காகத் தடவாதவர் யாராவது உண்டா, பார்த்தாயா என்று கேட்டேன். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனவர் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார். அறுபது பேரோடும்.

எங்கள் நெறியாளர் ஒரு ஜர்னலில் கட்டுரை போடச் சொல்கிறார். 12,000 ரூபாய் கட்டினால் நான்கு நாளில் வந்துவிடுமாம். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கிறது. போடலாமா மேடம்?
— முனைவர் பட்ட மாணவி, நெல்லை

வேண்டாம். பணம் கேட்பதால் மட்டும் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று வெளியிடும் நல்ல இதழ்களும் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. எனக்கு உறுத்துவது அந்த நான்கு நாள். ஒழுங்கான இதழில் ஆசிரியர் படித்து, அதே துறையில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, அவர்கள் தங்கள் வேலைக்கு நடுவே படித்து, அட்டவணை மூன்றில் கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். எனக்கு வந்த கட்டுரை ஒன்றைப் படித்துக் கருத்து எழுத ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டேன். அதற்கே நான் வேகமானவள் என்று பெயர்.

2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் ஒரு பொய்க் கட்டுரை தயாரித்தார். பாறைப்பாசியிலிருந்து எடுத்த வேதிப்பொருள் புற்றுநோய் செல்களைக் கட்டுப்படுத்துகிறது என்று கதை. உள்ளே இருந்த பிழைகள் பள்ளிக்கூட வேதியியல் தெரிந்தவருக்கே கண்ணில் குத்தும். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன.

அப்புறம் 2021இல் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக் உட்பட மூன்று பேர் இன்னொரு வேடிக்கையைப் பிடித்தார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பூசம் பெரில்', 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' என்று கட்டுரைகளில் வந்திருந்தது. தமிழில் சொன்னால் மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சு அபாயம்' ஆகியிருக்கிறது, செயற்கை நுண்ணறிவு 'கள்ளப் பிரக்ஞை' ஆகியிருக்கிறது. யாரோ எழுதியதைத் திருடி, திருட்டைப் பிடிக்கும் மென்பொருளுக்குத் தெரியாமலிருக்க வார்த்தைக்கு வார்த்தை மாற்றும் இன்னொரு மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள். வாய்விட்டு ஒரு தடவை படித்திருந்தால் போதும். எழுதியவரும் படிக்கவில்லை, அச்சிட்டவரும் படிக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கேட்கலாம், அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்பு யு.ஜி.சி. ஏற்றுக்கொண்ட இதழ்களின் 'கேர் பட்டியலில் இருக்கிறதா' என்று பார்த்தால் போதும். 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலையும் கைவிட்டது. இதழ் நல்லதா என்று பார்ப்பது இப்போது உங்கள் கல்லூரி வேலை, உங்கள் வேலை.

நெறியாளரிடம் 'இது போலி சார்' என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், மூன்று வருஷம் அவரோடு ஓட்ட வேண்டும். 'நூலகர் ஸ்கோபஸில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் சார்' என்று நூலகர் தலையில் போடுங்கள் (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் தரவுத்தளம்). அதற்குத்தான் நூலகர்கள் இருக்கிறார்கள். இன்று காலை எனக்கே ஒரு மெயில். 'தங்கள் அரும்பணி கண்டு வியந்தோம்' என்று ஆரம்பித்து, மீன்வளர்ப்பு இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சேர அழைப்பு. எனக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம் குழம்புச் சட்டியோடு சரி.

என் தாத்தா 1950களின் கடைசியில் சென்னையில் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர். சேத்துப்பட்டிலிருந்து ஆள் வருவார்களாம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து சிறுநீர் கேட்பார்களாம். 'என்னை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரைச் சோதனை எலி ஆக்கினார்களா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், அயனாவரம்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சேத்துப்பட்டு, வீட்டிலிருந்தே வைத்தியம், திடீர்ச் சிறுநீர் மூன்றும் சேர்ந்தால், உலகக் காசநோய் மருத்துவத்தையே மாற்றிய ஆய்வுகளில் ஒன்றில் உங்கள் தாத்தா இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதை நடத்த வந்தார். அதுவரை டி.பி. என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அதுதான் பெயர். நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில ஆயிரம். அப்போது ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற மருந்துகள் வந்திருந்தன. கேள்வி ரொம்பச் சாதாரணமானது: மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு?

193 நோயாளிகள். குலுக்கிப் பிரித்து ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் அதே மருந்து, ஒரு வருஷம். வீடு என்றால் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீடுகள். சாப்பாடும் போதாது. பலர் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு, ஓய்வு, பக்கத்திலேயே நர்ஸ். யார் ஜெயிப்பார்கள் என்று அன்றைக்குப் பந்தயம் கட்டியிருந்தால் நானும் சானடோரியத்தின் மேல்தான் கட்டியிருப்பேன்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியிருந்தது. கிருமி ஒழிந்ததிலும் எக்ஸ்-ரே தெளிந்ததிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 'வீட்டில் வைத்தால் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே' என்ற பயத்தையும் விடவில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்த்தவர்கள் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து ஆரம்பிக்கும் முன்பே தொற்றியிருந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கச் சானடோரியங்களுக்கு வேலை குறைய ஆரம்பித்தது.

சிறுநீர் விஷயம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். ஆனால் மாத்திரையைச் சன்னல் வழியாக எறிந்தாலும் டப்பா காலியாகத்தானே இருக்கும்? பி.ஏ.எஸ். அவ்வளவு அளவு விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும், எறிந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரில் மருந்தின் சுவடு தெரியும். சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு மட்டும் சாப்பிடுவார்கள் என்பதால்தான் சொல்லாமல் வந்தார்கள். கண்முன்னால் மாத்திரை விழுங்க வைக்கும் முறை பிறகு உலகமெங்கும் வந்ததற்கு ஒரு வேர் இந்தத் தொல்லையில் இருக்கிறது.

சோதனை எலியா? எது மேல் என்று யாருக்கும் தெரியாத நிலையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் அன்றைய நல்ல மருந்து. ஆய்வில் சேராதவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். அந்த அளவில் நேர்மையான ஆய்வு என்பது என் முடிவு. ஆனால் இன்றைக்குள்ள மாதிரி விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் அப்போது வழக்கத்தில் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறை சொன்ன ஹெல்சிங்கி அறிக்கையே 1964இல்தான் வந்தது. 'என்னை வெச்சு' என்று உங்கள் தாத்தா சொன்ன வார்த்தையில் எனக்குக் கேட்பது வேறு. முடிவு என்ன ஆயிற்று என்று அவரிடம் யாராவது வந்து உட்கார்ந்து சொன்னார்களா? நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த எத்தனையோ ஆய்வுகளில், நோயாளிகளிடம் திரும்பிப் போய் முடிவைச் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நானும் போகச் சொல்லி வற்புறுத்தியதில்லை.

மூன்று வருஷம் உழைத்து 'பலன் இல்லை' என்று முடிவு வந்திருக்கிறது. கூட இருப்பவர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள்.
— மருந்தியல் ஆய்வாளர், மதுரை

செங்கல்பட்டு பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) சோதனையைச் சொல்லி அவர்களை அனுப்பி வையுங்கள். 1968இல் ஆரம்பித்து, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள், சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத ஊசி. அதே தடுப்பூசி பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்திருந்தது. 1979இல் முதல் அறிக்கை: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. விடவில்லை, பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அதே விடை.

நாடே பெரிதாக எதிர்பார்த்த சோதனையில் வந்த 'இல்லை'யை மூடி வைக்காமல் அச்சிட்டார்கள். அதற்கு இருந்த துணிச்சலில் எனக்கு இன்றும் பிரமிப்பு உண்டு. (இதைப் படித்துவிட்டுப் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் காசநோய் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது. அதற்காகத்தான் போடுகிறார்கள்.) எத்தனை பேர் தேவை என்று ஆரம்பத்திலேயே கணக்கிட்டுச் சேர்த்திருந்தால் உங்கள் 'இல்லை'யும் ஒரு விடை. இருபது பேரை வைத்துப் பார்த்திருந்தால் அது 'தெரியவில்லை'. எது என்று நீங்கள் எழுதவில்லை.

மார்பு எக்ஸ்-ரேயைப் பார்த்து கோவிட் இருக்கிறதா என்று சொல்லும் கம்ப்யூட்டர் மாடல் செய்தோம். 99.8 சதவீதம் சரி. கைடுக்குச் சந்தோஷம். கருத்தரங்கில் நிராகரித்துவிட்டார்கள். பொறாமையா?
— பொறியியல் மாணவர்கள், சேலம்

99.8 என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கோவிட் படங்கள் எங்கிருந்து, நோயில்லாத படங்கள் எங்கிருந்து? இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து இணையத்தில் எடுத்தது என்றால் மேலே படியுங்கள்.

கோவிட் சமயத்தில் பலர் நோயில்லாத படங்களுக்குச் சீனாவின் குவாங்சோவில் எடுத்த ஒரு தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். அதில் இருப்பவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள். கோவிட் படங்களில் இருந்தவர்கள் பெரியவர்கள். மாடல் கற்றுக்கொண்டது குழந்தை விலா எலும்புக்கும் பெரியவர் விலா எலும்புக்கும் உள்ள வித்தியாசத்தை! அதற்கு நூற்றுக்கு நூறு வாங்கலாம். 2018இல் அமெரிக்காவில் நிமோனியா மாடல் ஒன்றைப் பார்த்தபோதும் இதே கதை. எந்த மருத்துவமனையில் எடுத்த படம் என்பதை அது கண்டுபிடித்துக்கொண்டு, அந்த மருத்துவமனையில் நிமோனியா அதிகம் என்று ஊகித்திருந்தது. படத்தின் மூலையில் வைக்கும் உலோக அடையாளத் துண்டே காட்டிக்கொடுக்கப் போதும்.

2021இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் இப்படிப்பட்ட கோவிட் மாடல்களை அலசினார்கள். 2,212 கட்டுரைகளில் ஆரம்பித்து, தரம் பார்த்துக் கழித்துக் கடைசியில் 62 மிஞ்சியது. அதிலும் நோயாளியிடம் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள்.

ஒரே நோயாளியின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று சோதனைக்கும் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வினாத்தாளை முதல்நாளே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. அதற்குப் பிறகு நீங்கள் பார்த்தே இராத ஓர் ஊர் மருத்துவமனைப் படங்களில் ஓட்டிப் பாருங்கள். 74 வந்தால் 74 என்று எழுதுங்கள். அதை நான் படிப்பேன்.

எங்கள் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகளைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். மாட்டுக்குப் போடும் வலி ஊசிக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம் என்று மாமனார் கேட்கிறார்.
— மசினகுடி வாசகி

மாமனார் கேட்டதைத்தான் பெரிய பெரிய ஆட்களும் கேட்டார்கள். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் சாவதைக் கவனித்துச் சொன்னார். வைரஸ், பூச்சிமருந்து என்று எல்லோரும் வழக்கமான இடங்களில் தேடினார்கள். கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸின் குழு பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது உறுப்புகள் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் போய்விட்டது. கிருமியும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை.

அப்புறம்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: கழுகு தின்பது செத்த மாட்டை, மாடு சாகும் முன் என்ன சாப்பிட்டது? மருந்துக்கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் போய், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து எது அதிகம் விற்கிறது என்று விசாரித்தார்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் பெயர் வந்தது. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், இருபத்தைந்திலும் அது இருந்தது. மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைக் கழுகுகளுக்குக் கொடுத்துப் பார்த்தும் உறுதி செய்தார்கள். 2004இல் வெளியானது. 2006இல் இந்தியா கால்நடைக்கு அதைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், எனவே 2015இல் ஒருவேளைக்கான சின்னக் குப்பி மட்டும் என்றானது. 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் கால்நடைக்குத் தடுத்தார்கள். மாட்டின் வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, கழுகுக்கு அது ஒன்றும் செய்வதில்லை.

மாமனாருக்கு ஒரு கணக்கும் சொல்லுங்கள். செத்த மாடுகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டை ஒரு கூட்டமே தின்னும், கழுகு வருஷத்துக்கு ஒரு குஞ்சுதான் வளர்க்கும். வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் நடுவே இந்தியாவில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோனது இப்படித்தான்.

நோபல் கிடைத்திருக்க வேண்டிய இந்தியர் யார்?
— கல்லூரி மாணவர், கரூர்

என் ஓட்டு சம்பு நாத் டேக்கு. காலரா கிருமி உடம்பைக் கொல்வது ஒரு நச்சின் மூலம் என்பதைக் கல்கத்தாவில், முயல் குடலில் ஒரு துண்டைக் கட்டி வைத்து, 1959இல் நிரூபித்தவர். பெரிய கருவி எதுவும் இல்லை. 1985இல் இறந்தார். பெயரைத் தேடிப் பாருங்கள், உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது.

மகனுக்கு ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறான். பிழைக்க முடியுமா?
— ஒரு தாய், ஈரோடு

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. காகிதத்தில் பிழைக்கலாம். கையில் வருவது சில சமயம் நான்கைந்து மாதம் தள்ளித்தான் வரும், கடைசியில் மொத்தமாக வரும். ஆகவே ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். பெண் பார்க்கப் போகும்போது 'பையன் இன்னும் படிக்கிறான்' என்று சொல்லிக் கூசாதீர்கள், 'மத்திய அரசு உதவித்தொகை' என்று சொல்லுங்கள். கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் முடித்துவிட்டுப் போன இரண்டு பேரிடமாவது பேசச் சொல்லுங்கள். இது சம்பளத்தைவிட முக்கியம்.

நீங்கள் சொல்லும் கட்டுரைகளை எங்கே படிப்பது? இணையத்தில் திறந்தால் டாலரில் பணம் கேட்கிறது.
— தனியார் கல்லூரி விரிவுரையாளர், நாமக்கல்

2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கிறது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் முதல் கட்டத்தில் அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரி என்பதால் உங்களுக்கு இல்லை, அது அநியாயம்தான். கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் அன்றே அனுப்பியிருக்கிறார்கள், சிலர் கேட்காத இரண்டையும் சேர்த்து. தங்கள் கட்டுரையை ஒருவர் படிக்கிறார் என்பதே அவர்களுக்குச் செய்தி.

பழையவற்றில் பல இலவசம். 1959ஆம் வருஷத்து சென்னைக் காசநோய்க் கட்டுரை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது, இணையத்தில் பணம் கட்டாமல் படிக்கலாம். தொண்ணூறு பக்கத்துக்கு மேல். அயனாவரம் தபால்காரர் ஐயாவுக்கு அதைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர்கள் எதுவும் அதில் இருக்காது. ஆனால் வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, மருந்து வயிற்றைப் புரட்டியதா, எடை எவ்வளவு ஏறியது எல்லாம் அட்டவணையில் இருக்கிறது.